பாட்டில் பாலை மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 மாதம் ஆகிறது. பாண்டிச்சேரியில் வேலை பார்ப்பதால் காலையில் பேருந்து ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். பகலில் அவனை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பகலில் மூன்று, தூங்கப்போகும்போது ஒன்று, நள்ளிரவில் ஒன்று என ஐந்து பாட்டில் பால், சர்க்கரை போட்டுக் குடிக்கிறான். சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். பாட்டிலைப் பிடுங்கினால் வீடு இரண்டுபடுகிறது. நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவினால் விட்டுவிடுவான் என்கிறார்கள். தடவலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கூடவே கூடாது. வேப்பெண்ணெய் உள்ளே போன சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்து, மூளை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பழைய கைவைத்தியம்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகன் சோறு உண்ணாததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு பாட்டிலுக்கு 200 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்துக்கு ஒரு லிட்டர் ஆகிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். வயிறு பாலாலேயே நிரம்பிவிட்டால் பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதோடு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பதால், பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் பல பாட்டில் பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் இரத்தசோகை இருக்கும். அவன் மண்ணை அள்ளித் தின்கிறானா என்று கவனியுங்கள். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

இன்று வெளிச்சத்தில் அவனை மடியில் கிடத்தி, மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டினாற்போல் சுண்ணாம்பு தீற்றியதுபோன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால், பல் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால், தூளியில் படுத்தபடி சப்பிய பால் மேல் பற்களின்மேல் இரவெல்லாம் தேங்கி நிற்கிறது. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். சர்க்கரை சேர்ந்தால் இன்னும் மோசம். இரண்டு வயது வரை பாலில் சர்க்கரை போடவே தேவையில்லை.

இனி செய்ய வேண்டியது. புட்டியை ஒரு வயதிலேயே நிறுத்தத் தொடங்கி, 18 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பகல் பாட்டில்கள்தான் எளிது, அவற்றில் முதலில் கைவைக்க வேண்டும். நான்கைந்து நாளைக்கு ஒன்றாக நிறுத்தி, முதலில் இட்லியோ பருப்புச் சோறோ கொடுத்த பிறகு, சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய் அளவு மட்டும் பால் ஊற்றி அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொள்வான், கொட்டட்டும், துடைத்துக்கொள்ளலாம். உறிஞ்சு மூக்கு வைத்த கோப்பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அதுவும் புட்டியின் தங்கைதான்.

நள்ளிரவுப் பால் பசிக்காக அல்ல, தூக்கத்துக்காக. இரண்டு நாளைக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் அது தானே மறைந்துவிடும்; விழித்தால் முதுகைத் தட்டிக்கொடுத்து, டம்ளரில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். தூங்கப்போகும் நேரத்துப் பாட்டிலைக் கடைசியாக எடுங்கள். இரவு உணவு முடிந்ததும் கூடத்தில் உட்காரவைத்துப் பாலை டம்ளரில் கொடுத்து, அரிசியளவு பற்பசையால் பல் துலக்கிவிட்டு, அதன் பிறகே தூளிக்குக் கொண்டுபோங்கள். நாள் முழுதும் உங்களைக் காணாத பிள்ளை அந்தப் பாட்டிலோடு சேர்த்து உங்களையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதால், வீடு திரும்பியதும் அரைமணி நேரம் கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். இரவில் மூன்று நான்கு நாள் அழுவான். காய்ச்சல், வெளியூர்ப் பயணம் இருக்கும் வாரத்தில் மட்டும் இதைத் தொடங்க வேண்டாம்.

மாமியாரிடம் 'நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்' என்ற தொனி வராமல் பேசுங்கள். பேரன் பட்டினி கிடப்பானோ என்ற பயத்தில்தான் அவர் பாட்டிலை எடுக்கிறார். முதல் வாரம் சோறு குறைவாகத்தான் இறங்கும், பிறகு பசி தானே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுவழியில் மனம் மாறமாட்டார்.

16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிக்காக எப்படியும் மருத்துவமனைக்குப் போவீர்கள். அன்றே எடை பார்த்து, ஹீமோகுளோபின் பரிசோதனை வேண்டுமா என்று குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். பல்லில் நான் சொன்ன வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவரைகூடக் காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.