பலகையைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள்

கேள்வி: ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் 'மின்சாரம்', 'குழாய்', 'சீலிங்' என்று லேயர் ஸ்டேட்டுகளை, அதாவது எந்த லேயர் (வரைபட அடுக்கு) தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற அமைப்புகளை, பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கிறோம். இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று பட்டியலில் தடித்த எழுத்தில் காட்டினால் போதாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போதாது. 'நடப்பில் இருக்கிறது' என்கிறீர்கள். சிக்கலே அந்த 'இருக்கிறது'தான். கடைசியாக எந்த ஸ்டேட்டை அழைத்தீர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியும். அது இறந்தகாலம். நீங்கள் கேட்பது நிகழ்காலம்.

'மின்சாரம்' ஸ்டேட்டை அழைக்கிறீர்கள். விளக்குப் புள்ளிகள் தெரியவில்லை என்று ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்) லேயரை ஃப்ரீஸ் செய்து மறைக்கிறீர்கள். அந்தக் கணமே திரையில் இருப்பது 'மின்சாரம்' இல்லை. உங்கள் ஊர் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். முகப்புப் பலகையில் காந்திபுரம், வண்டி போவது உக்கடம். பலகையை இன்னும் பெரிதாக எழுதினால் வண்டி திரும்பிவிடுமா? நம்பி ஏறுகிறவர்கள்தான் கூடுவார்கள். நடத்துநர் படியில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாரே, நிகழ்காலத்தைச் சொல்கிற ஆள் அவர்தான்.

அந்த நடத்துநர் ஆட்டோகேடுக்குள்ளும் உண்டு. ஆட்டோகேடுக்குள் நிரல் எழுதும் மொழியான ஆட்டோலிஸ்பில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. 'லேயர்ஸ்டேட்-கெட்லாஸ்ட்ரெஸ்டோர்டு' கடைசியாக அழைத்த பெயரைத் தரும், அது பலகை. 'லேயர்ஸ்டேட்-கம்பேர்' சேமித்ததையும் இப்போதிருக்கும் லேயர்களையும் ஒப்பிடும், அது வண்டி. சேமித்த எல்லா ஸ்டேட்டுகளின் பெயர்களையும் 'லேயர்ஸ்டேட்-கெட்நேம்ஸ்' தரும்; அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொருந்திய பெயரை யூசர்எஸ்1 மாறியில் போடுங்கள். எதுவும் பொருந்தவில்லையென்றால் கடைசியாக அழைத்த பெயரோடு ஒரு நட்சத்திரக்குறி சேர்த்துப் போடுங்கள்: 'மின்சாரம் *'. மோட்மேக்ரோ என்ற இன்னொரு மாறியில் யூசர்எஸ்1-ஐப் படிக்கச் சொன்னால் அது திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். கட்டளை முடியும்போதெல்லாம் இது தானாக ஓட ஒரு ரியாக்டர் (ஒன்று நடந்ததும் நிரலை ஓட்டிவிடும் ஏற்பாடு) வேண்டும். இரண்டு மாறிகளும் டிராயிங்கில் சேமிக்கப்படாது, ஆகவே நிரல், ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் தானாக ஏறும் அகேட்டாக் லிஸ்ப் (acaddoc.lsp) கோப்பில் இருக்கட்டும். இரண்டு பெயர்கள் பொருந்தினால் ஒரே அமைப்பை இருமுறை சேமித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒன்றை அழித்துவிடுங்கள்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? போட்டோஷாப் 2003-இல் சிஎஸ் பதிப்போடு, லேயர் ஸ்டேட் போன்ற லேயர் காம்ப் கொண்டுவந்தது. அதில் ஒரு லேயரைத் தொட்டால் அடையாளக்குறி அந்தக் காம்பை விட்டு 'லாஸ்ட் டாகுமென்ட் ஸ்டேட்' வரிக்கு நகர்ந்துவிடும். புடாபெஸ்ட்காரர்களின் கட்டட வரைபட மென்பொருளான ஆர்க்கிகேட், அப்படித் தொட்டதும் லேயர் காம்பினேஷன் (அங்கே லேயர் ஸ்டேட்டுக்குப் பெயர் அது) பெயரை எடுத்துவிட்டு 'கஸ்டம்' என்று போடும். நேர்மைதான். ஆனால் எங்கிருந்து கிளம்பினோம் என்பதை அது மறைத்துவிடுகிறது. நட்சத்திரம்தான் இரண்டையும் சொல்லும்.

இன்னொரு ஓட்டை. ஸ்டேட்டைச் சேமித்த பிறகு எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைக்கும் வேறொரு டிராயிங்) வழியாகப் புது லேயர்கள் வந்தால், அழைக்கும்போது அவை இருந்தபடியே இருக்கும். குழாய் வரைபடத்தில் யாரும் கேட்காத நாற்காலிகள் அச்சாவது இப்படித்தான். லேயர் ஸ்டேட்ஸ் மேனேஜரில் 'ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை அணை' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள்.

பெயர் விஷயத்தில் நீங்கள் தப்பித்தீர்கள். 'புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று ஸ்டேட்டுக்குப் பெயர் வைப்பவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய சண்டை உண்டு. அவர்களுக்குச் சரியான பெயரைக் காட்டினாலும் ஒன்றும் விளங்காது.

கணினி வருவதற்கு முன்பு 'பின் பார்' (pin bar) என்ற முறையில் வரைந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. மேசை விளிம்பில் உலோகப் பட்டை, அதில் வரிசையாக முனைகள். துளையிட்ட பாலியெஸ்டர் தாள்களை அவற்றில் மாட்டுவார்கள். கீழே கட்டடத் தாள், அதன்மேல் மின்சாரத் தாள். எந்தத் தாள் மாட்டியிருக்கிறது என்று விரலால் ஓரத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.