ஒன்பது பேரையும் ஒரே கைப்பையில் அடைக்காதீர்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் (71 வயது, சர்க்கரை, முழங்கால் வலி), கொழுந்தனார் வீட்டில் நான்கு பேர், ஆக மொத்தம் ஒன்பது பேர். கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. அன்று காலை விமானத்தில் இறங்கி நேராகக் கப்பல் ஏறினால் ஒருநாள் ஹோட்டல் செலவு மிச்சம் என்கிறார் கணவர். மாமியார் புளியோதரை, ஊறுகாய், வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சாமான்கள் என்று இப்போதே பட்டியல் போடுகிறார். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் என் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கப்பல் ஏறும் அந்த ஒரு நாளை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எப்படிச் சமாளிப்பது?
வாசகி, திருச்சி

பதில்: பாஸ்போர்ட் விஷயம் "முடிவாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் முடிவு செய்தார்கள் என்று எழுதவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன்.

அந்த முடிவை முதலில் மாற்றுங்கள். ஒன்பது பேரும் ஒரே குடும்பம் என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. துறைமுகத்தின் கணக்கில் நீங்கள் ஒன்பது தனித்தனி ஆட்கள். கவுண்டரில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் தனியாகப் பார்ப்பார்கள், தனியாகப் புகைப்படம் எடுப்பார்கள், குழந்தை உட்பட ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும், கப்பலில் செலவு எழுதுவதும், வழியில் ஊர் பார்க்க இறங்கி மறுபடி ஏறுவதும் எல்லாம் பெரும்பாலும் அந்த அட்டையில்தான். இந்த இடத்தில் நீங்கள் கைப்பையைத் தரையில் வைத்து, குனிந்து, ஒன்பது பாஸ்போர்ட்டில் எது யாருடையது என்று புரட்டிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் நூறு பேர் நிற்பார்கள். கொழுந்தனார் "அண்ணி, விசா பேப்பர்?" என்பார். வேண்டாம். பெரியவர்கள் அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுடையது அப்பாக்களிடம், அத்தையுடையது அவருடைய மகனிடம் இருக்கட்டும். உங்களிடம் எல்லாவற்றின் நகலும் இருந்தால் போதும்.

பாஸ்போர்ட் என்றதும் இன்னொன்று. சிங்கப்பூரை விட்டுக் கப்பல் கிளம்பினால் நீங்கள் அந்த நாட்டிலிருந்து வெளியேறிவிட்டீர்கள் என்று பொருள். திரும்பி வந்து இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே விசா பலமுறை நுழைவதற்கானதா என்று ஒன்பதிலும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சமிருக்க வேண்டும். கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விதியைப் பயண ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுதி வாங்குங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் சிக்கனம். ஐந்து மணிக் கப்பல் என்றால் ஐந்து மணி வரை கதவு திறந்திருக்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே எல்லாரும் உள்ளே இருந்தாக வேண்டும். போதாததற்கு, முன்பதிவில் உங்களுக்கென்று ஒரு வருகை நேரமும் ஒதுக்கியிருப்பார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒன்பது பேருக்கு அந்த டிக்கெட் என்ன விலை என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். முந்தின நாளே போய்விடுங்கள். லிட்டில் இந்தியா பக்கம் அறை எடுத்தால் அத்தைக்குக் காலையில் இட்லி கிடைக்கும்; கப்பல் ஏறும்போது எல்லாரும் தூங்கி எழுந்த முகத்தோடு இருப்பீர்கள்.

ஹோட்டலிலிருந்து துறைமுகம் போவதில்தான் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண டாக்சியில் நான்கு பேர் ஏறலாம். பெட்டிகளோடு ஒன்பது பேர் என்றால் மூன்று டாக்சி. பெரிய கப்பல்கள் பலவும் நிற்பது மரினா பே குரூஸ் சென்டரில், அது 2012இல் திறந்த முனையம். ஹார்பர்ஃபிரன்ட் பக்கம் இருக்கும் பழைய முனையத்துக்குப் பெயரே சிங்கப்பூர் குரூஸ் சென்டர். ஓட்டுநரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் உங்கள் ஓரகத்தியும் பிள்ளைகளும் அங்கே போய் இறங்கிவிடலாம். உங்கள் டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து, முழுப் பெயரை மூன்று தாளில் எழுதி டாக்சிக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

அடுத்தது பெட்டி. முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டுவிடுவார்கள். அறை எண் எழுதிய லேபிளை முன்பே அச்சிட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவை ஸ்கேன் ஆகி, பிரிக்கப்பட்டு, உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகும், சில சமயம் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பெரிய பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவே, பத்திரமாக வைத்தேன். அந்தப் பத்திரம் இரவு எட்டரை மணிக்குத்தான் வந்தது. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரைக்காக அம்மா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

எனவே மாமியாருக்கு ஒரு தோள்பை. மாத்திரைகள், இன்சுலின் இருந்தால் அதுவும், மருத்துவரின் சீட்டு, கண்ணாடி, ஒரு சால்வை, ஒரு மாற்றுப் புடவை, தாழ்சர்க்கரை வந்தால் வாயில் போட இனிப்பு. முனையத்தில் நடையும் நிற்பதும் அதிகம். சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே பதிவு செய்யுங்கள். "நான் என்ன நோயாளியா?" என்று அவர் கேட்பார். வரிசையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளின் நீச்சல் உடையும் கைப்பையில் இருக்கட்டும். அறை பிற்பகலில்தான் கிடைக்கும், நீச்சல்குளமோ கண்ணெதிரே இருக்கும்.

புளியோதரை துறைமுக வாசல் வரைக்கும்தான். வீட்டில் சமைத்த உணவைக் கப்பல்கள் பொதுவாக உள்ளே விடுவதில்லை. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பொட்டலமானால் பெரும்பாலும் விடுவார்கள். காலையிலேயே ஹோட்டலில் எல்லாரும் அதைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அத்தைக்கும் மனம் நிறையும். விளக்கு, சூடம், ஊதுவத்தி, தீப்பெட்டி எதுவும் கூடாது. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் கப்பல்காரர்களுக்குக் கிடையாது. துணி தேய்க்கும் பெட்டியையும் மின்கெட்டிலையும் பிடுங்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான். ஒரு சிறிய சாமி படம் போதும் என்று அவரிடம் உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள்.

ஏறியதும் எல்லாரும் பஃபேக்கு ஓடுவார்கள். அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு வந்தவர்கள் சலித்துக்கொள்வதும் அதைத்தான். பாதுகாப்புப் பயிற்சியைச் சொல்கிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். பல கப்பல்களில் இப்போது கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ படம் பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. அந்த இடத்தின் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் அட்டையிலேயே இருக்கும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்பது அபாயச் சங்கு. உங்கள் இரண்டு குடும்பங்களின் அறைகளும் வெவ்வேறு பகுதியில் இருந்தால் கூடுமிடங்களும் வேறாக இருக்கலாம். பிள்ளைகள் சித்தப்பா அறையில் விளையாடும்போது சங்கு ஒலித்தால் யார் எங்கே போவது என்று அன்றைக்கே பேசிவையுங்கள். அத்தை அறையிலிருந்து அந்த இடம் வரை ஒருமுறை அவரோடு படிக்கட்டில் நடந்து பாருங்கள். ஆபத்துக் காலத்தில் லிஃப்டை நம்ப முடியாது.

கரையை விட்டதும் எல்லாக் கைப்பேசியும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அவை தாமாகவே பிடித்துக்கொள்ளும், பில் ஊருக்குத் திரும்பிய பிறகு வரும். அப்புறம் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய முறைதான்: இன்ன மணிக்கு, இன்ன தளத்தில், இன்ன படிக்கட்டுப் பக்கத்தில்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் பரிமாறுபவரிடம் அத்தைக்கு வெறும் சாதமும் தயிரும் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை, முதல் நாள் சொல்லிவிட்டால் மற்ற நாட்களில் கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் ஆட்கள் அவர்கள். நீங்கள் அறைக்குத் திரும்பும்போது பெட்டிகள் வாசலில் நிற்கும். அவற்றை எண்ணும் வேலை உங்கள் கணவருடையது.