மனு ரசீதுக்குப் பின்னால் – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிள் திருடுபோய்விட்டது. அன்று காலையே எங்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னால், "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நான்கு முறை போய்விட்டேன். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ்காரர்கள் பேசவே மறுக்கிறார்கள். கடைசியாகப் போனபோது வாசலில் பாரா (காவல்) நின்ற ஒரு பெண் காவலரும் நிலையப் பதிவேடுகளை எழுதும் ரைட்டரும் மட்டுமே அங்கே இருந்தார்கள். ரைட்டர் முந்தைய நாள் காலையில் வந்தவர், இன்னும் வீட்டுக்குப் போகவில்லையாம். சண்டை போடப் போனவன் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். இவர்கள் மேல் கோபப்படுவதா, இரக்கப்படுவதா? ஒரு திருட்டு வழக்கைப் பதிய ஏன் இத்தனை நாள்?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் கையில் வைத்திருப்பது மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டும்தான். அந்த எண்ணை வைத்துப் புலன்விசாரணை தொடங்காது, நீதிமன்றத்துக்கும் எதுவும் போகாது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே தீர வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம் என்று அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது. திருட்டுக்கு அதைக் காரணம் காட்டக்கூடும். ஆனால் உங்கள் மனுவுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. எந்தக் கணக்கிலும் இந்தத் தாமதம் சட்டத்துக்குள் வராது.

இனி, ஏன் பதியவில்லை என்பது. பட்டியலில் நாற்பது பேர் உள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், கழிந்துபோகும் வரிசை எங்கும் ஏறக்குறைய இதுதான். காலிப் பணியிடம் ஆறு. மேலதிகாரி அலுவலகம், தனிப்படை என்று மாற்றுப்பணியில் ஐந்து. விடுப்பு, மருத்துவம், பயிற்சியில் நான்கு. மீதி இருபத்தைந்து. இருபத்துநான்கு மணி நேரமும் பாரா நிற்க மூன்று பேர். ரைட்டர், அவருக்கு ஓர் உதவி. கணினியில் ஏற்ற ஒருவர், கோர்ட் வேலைக்கு ஒருவர், சம்மன் வாரண்ட் கொடுக்க இரண்டு பேர், ஓட்டுநர் இரண்டு பேர், தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவுக்கு ஒருவர். இந்தப் பன்னிரண்டு பேரும் போனால் பதின்மூன்று. இரவு ரோந்துக்கு நான்கு பேர் போனால் பகலுக்கு ஒன்பது. அரசு மருத்துவமனையில் ஒரு கைதி படுத்திருந்தால் அவருக்குக் காவலாக மாற்றி மாற்றி மூன்று பேர். மிஞ்சிய ஆறு பேரில் ஐந்து பேரைப் பந்தோபஸ்துக்கு அனுப்பச் சொல்லி வயர்லெஸ் மைக்கில் செய்தி வந்தால், உங்கள் தெருவுக்கு வந்து யார் வண்டியைப் பார்த்தார்கள் என்று கேட்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

பந்தோபஸ்து என்றால் விழா நடக்கும் இரண்டு மணி நேரம் என்று வெளியில் நினைக்கிறார்கள். காலை பத்து மணி நிகழ்ச்சிக்கு விடியுமுன் வண்டி ஏற வேண்டும். ஃபால்-இன் (அணிவகுத்து நிற்பது), இடம் பிரிப்பு, பிறகு வெயிலில் நிற்பது, கூட்டம் கலைந்த பின்னும் நிற்பது, இரவில் திரும்புவது, மறுநாள் காலை மறுபடி ரோல் கால் எனும் வருகைக் கணக்கெடுப்பு. செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் குருபூஜை, திருவண்ணாமலை தீபம் போன்ற நாட்களில் பல மாவட்டங்களிலிருந்து ஆட்களை எடுப்பார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய சொந்த நிலையங்களில் எந்த மனுவும் நகராது. பெண் காவலர்களுக்கு இதில் இன்னொரு துன்பம் உண்டு. கழிப்பறை இல்லாத சாலையோரத்தில் பல மணி நேரம் நிற்க வேண்டும் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். முதலமைச்சர் செல்லும் வழியில் பெண்களைச் சாலைக் காவலுக்கு நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. அது நல்ல உத்தரவு. ஆனால் சாலையில் நிற்க வேண்டிய பணி அது ஒன்று மட்டுமில்லை. அதே ஆண்டு வந்த வார ஓய்வு அரசாணையும் நல்லதுதான். மேலே போட்ட கழித்தல் கணக்கு மாறாதவரை அது தாளில்தான் நிற்கும்.

ஒரு கைது எத்தனை பேரின் இரவை எடுத்துக்கொள்கிறது என்றும் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு ஒருவரைப் பிடித்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். காரணத்தைச் சொல்லி, வீட்டாருக்குத் தகவல் கொடுத்து, அரசு மருத்துவமனை வரிசையில் காத்திருந்து மருத்துவப் பரிசோதனை முடிக்க வேண்டும். ரிமாண்ட் அறிக்கையும் வழக்கு நாட்குறிப்பு நகலும் தயாராக வேண்டும். நீதிமன்ற நேரம் தவறிவிட்டால் நடுவரின் வீட்டு வாசல். ஒரு தாள் குறைந்தால் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். பிறகு சிறை. வாசலில் உடம்பில் காயம் என்று குறித்துவிட்டால் மீண்டும் மருத்துவமனை, கூடவே காவல். நள்ளிரவுக்கு மேல் பேருந்து நிலையத்தில் நிற்கும் அந்த இரண்டு காவலர்கள், கைதிக்கு வாங்கிக் கொடுத்த இட்லிக்கும் ஆட்டோவுக்கும் பெரும்பாலும் கைக்காசுதான் போட்டிருப்பார்கள். பில் பிறகு. ஏழு ஆண்டுக்குட்பட்ட குற்றங்களில் கைதைத் தவிர்த்து நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்பதை 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. அதைக் குற்றவாளிக்குக் காட்டிய சலுகை என்று சிலர் குறைசொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வேண்டாத கைது ஒன்று குறைந்தால் இரண்டு காவலர்களின் இரவு ஸ்டேஷனுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இதைவிட வெளியே தெரியாத வேலை சந்தேக மரணம். ஆற்றில் ஒதுங்கிய அடையாளம் தெரியாத உடல் என்றால் பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை அறிக்கை, புகைப்படம், மருத்துவருக்கு வேண்டுகோள் கடிதம் எல்லாம் உண்டு. அதற்கு முன் உடலைத் தூக்க ஆள் வேண்டும், போர்த்தத் துணி வேண்டும், வண்டி வேண்டும். தற்கொலை, கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில் பொதுவாக இரவில் பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டார்கள். விடியும்வரை சவக்கிடங்கு வாசலில் ஒரு காவலர் இருப்பார். உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதும் ஒரு காவலர்தான். உரிமை கோர யாரும் வராவிட்டால் அடக்கமும் அவர்கள் பொறுப்பு. இந்த வேலைக்கு நன்றி சொல்ல அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆள் இல்லாதது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எண்ணிக்கை. மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் ஒவ்வொரு நிலையமும் எத்தனை திருட்டு பதிந்தது, எத்தனை கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். பதிந்து கண்டுபிடிக்காத ஒவ்வொரு வண்டியும் இன்ஸ்பெக்டர் வாங்கும் ஒரு திட்டு. பதியாத வண்டிக்குத் திட்டு கிடையாது. அதனால் "எங்காவது கிடந்து வந்துவிடும்", "ஃபைனான்ஸ்காரன் தூக்கியிருப்பான்" என்று நாளைக் கடத்துவார்கள். தவணை பாக்கிக்காக வண்டியைத் தூக்கிப்போவது நடக்கிற காரியம்தான், அதைச் சரிபார்க்கவும் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு போன் போதும். ரசீது கொடுத்து நிறுத்திவைக்கும் பழக்கத்தின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதை மாற்ற மேலே இருப்பவர்களால்தான் முடியும். பதிவு கூடுவதைத் தோல்வியாக எண்ணுவதை நிறுத்தினால் உங்கள் எஃப்.ஐ.ஆர். முதல் நாளே கிடைத்திருக்கும்.

பதிந்த பிறகும் சிக்கல் உண்டு. உங்கள் தெருமுனைக் கடையில் கேமரா இருக்கிறது என்று வைப்போம். பதிவை பென் டிரைவில் வாங்கி வந்தால் மட்டும் நீதிமன்றத்தில் செல்லாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். கடைக்காரர் பதிவைத் தரத் தயங்க மாட்டார், கையெழுத்துக்குத்தான் தயங்குவார். கையெழுத்துப் போட்டால் சாட்சி, சாட்சியானால் பல வாய்தாவுக்குக் கடையை மூடிவிட்டுப் போக வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சோதனையும் கைப்பற்றுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பாதுகாப்பு அது, பொய்யாகப் பொருளை வைத்துப் பிடித்தோம் என்ற பழி வராது. ஆனால் பல இடங்களில் அந்தப் பதிவு காவலரின் சொந்த போனில்தான் நடக்கிறது.

இத்தனையும் சொன்னதை ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆள் இல்லை, நேரம் இல்லை, மேலே கேட்கிறார்கள் என்ற நெருக்கடியில்தான் அடித்து வாக்குமூலம் வாங்கும் குறுக்குவழி வருகிறது. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, அதன்வழி கண்டெடுத்த பொருள் தொடர்பான பகுதி மட்டுமே ஏற்கப்படும். இது தெரிந்தும் அடிக்கிறார்கள். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட ஒரு தந்தையும் மகனும் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எல்லா நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோர்வு எரிச்சலுக்குக் காரணமாகலாம். லாக்கப்பில் விழும் அடிக்கு அது காரணமாகாது. மனிதத்தன்மையோடு வேலை செய்யும் காவலர்களுக்கு நாம் காட்டும் மரியாதையும் இதில் தெளிவாக இருந்தால்தான் பொருள்படும்.

தங்கள் குறைகளைச் சேர்ந்து சொல்லவும் இவர்களுக்கு வழி குறைவு. 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்கள் சங்கம் அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தனியாகப் பேசினால் மெமோ வரும், மெமோ பதவி உயர்வைத் தள்ளும். புலன்விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரித்துத் தனித்தனி ஆட்களிடம் கொடுக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முழுமையாக நடந்திருந்தால் உங்கள் மனுவை விசாரிக்க வேண்டியவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்க மாட்டார். ஆகவே உங்கள் கோபம் பாரா நிற்கும் பெண்ணைத் தாண்டிப் போகட்டும். "நாளைக்கு வாங்க" என்று ஒரு மாதம் சொன்ன அதிகாரியையும் அது தொடட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திருட்டு நடந்த அன்றே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. மனுவைப் புதிதாக எழுதுங்கள். பதிவு எண்ணோடு ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண், மாடல், நிறம், எத்தனை மணிக்கு நிறுத்தி எத்தனை மணிக்குக் காணவில்லை, எந்தக் கதவு எண் எதிரில், இரண்டு சாவியும் எங்கே, கடன் பாக்கி உண்டா, அருகில் கேமரா உள்ள கடைகள் எவை என்று எல்லாம் வரட்டும். பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்குப் பின் கிடைப்பது அரிது, என்றாலும் இன்றே கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்காமல் ரசீது நகலோடு எழுத்தில் தகவல் கொடுங்கள்.

நிலையத்தில் மீண்டும் மறுத்தால் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, மனுவின் சாரத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றம். பதிந்தால் நகல் இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வண்டி கிடைக்கவே இல்லையென்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள், இழப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

போவதானால் காலை ரோல் கால் முடியும் நேரத்தில் போங்கள். ஆட்களைப் பிரித்து அனுப்புவதற்கு முன் இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ நாற்காலியில் இருக்கும் நேரம் அது.