வசனக் கணக்கும் தாயமும்: ரீச்சரிடம் கேட்டவை

கல்முனையில் பல வருடங்களாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளில், வசனக் கணக்கைச் சமன்பாடாக்குவது, தாயம் (எண்களை நிரை, நிரலாக அடுக்கும் அட்டவணை, matrix) ஆகியவை பற்றியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

வாழைச்சேனை மாணவி: ரீச்சர், 3 பெரிய சட்டித் தயிரும் 2 சிறிய சட்டித் தயிரும் 2,050 ரூபாய், 1 பெரியதும் 4 சிறியதும் 1,850 ரூபாய். "ப என்பது பெரிய சட்டி" என்று தொடங்கினேன். விடை சரி, ஆனால் புள்ளி குறைந்துவிட்டது. ஏன்?

மகள், சட்டியோடு சட்டியைக் கூட்டி ரூபாய் எடுக்க முடியாது. எண்ணைத்தான் கூட்டலாம். "ப என்பது ஒரு பெரிய சட்டித் தயிரின் விலை, ரூபாயில்" என்று முழு வசனமாக எழுதுங்கள். சிறிய சட்டியின் விலை ச. இப்போது 3ப + 2ச = 2,050 என்பதில் இரண்டு பக்கமும் ரூபாய் நிற்கிறது. அடுத்தது ப + 4ச = 1,850. முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 5ப = 2,250; பெரியது 450 ரூபாய், சிறியது 350 ரூபாய். இந்தக் கணக்கில் நீங்கள் தப்பிவிட்டீர்கள். எண்ணிக்கையும் விலையும் சேர்ந்து வரும் கணக்கில் அதே பழக்கம் காலை வாரிவிடும். கீழே பாருங்கள்.

சம்மாந்துறை மாணவன்: 50 கிலோ மூடையும் 65 கிலோ மூடையுமாக மொத்தம் 20 மூடை நெல், நிறை 1,120 கிலோ. சேர், ரீச்சர் யாரிடம் கேட்டாலும் "இரண்டு சமன்பாடு வரும்" என்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

மகன், கணக்கில் "மொத்தம்" இரண்டு இருக்கிறது: ஒன்று மூடைக்கு, மற்றது கிலோவுக்கு. ஒவ்வொரு மொத்தத்துக்கும் ஒரு சமன்பாடு. 50 கிலோ மூடைகளின் எண்ணிக்கை அ, 65 கிலோ மூடைகளின் எண்ணிக்கை ஆ என்றால், மூடைகளை எண்ணும்போது அ + ஆ = 20. தராசில் ஏற்றும்போது 50அ + 65ஆ = 1,120. எல்லா மூடையும் 50 கிலோ என்று வைத்தால் 1,000 கிலோ வரும். மிஞ்சும் 120 கிலோ, மூடைக்கு 15 கிலோ வீதம் 8 பெரிய மூடைகளில் இருக்கிறது. மற்றது 12. அறுவடைக் காலத்தில் களத்தில் நிற்பவர்கள் இதை மனதிலேயே செய்வார்கள். அந்த மனக்கணக்கைத்தான் நாம் எழுத்தில் வைக்கிறோம்.

களுவாஞ்சிகுடி மாணவி: "வள்ளங்களின் எண்ணிக்கையைப் போல் ஆறு மடங்கு மீனவர்கள்." 6மீ = வ என்று எழுதினேன். பிழையாம்.

பிழைதான், ஆனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980 அளவில் அமெரிக்காவில் முதலாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இதே வகைக் கணக்கைக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிழைவிட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகத்தான் எழுதினார்கள். "ஆறு மீனவர்களுக்கு ஒரு வள்ளம்" என்ற படம் மனதில் வந்து, கை அதே வரிசையில் எழுதிவிடுகிறது. சிறிய எண்ணைப் போட்டுப் பாருங்கள். வள்ளம் 2 என்றால் மீனவர் 12. உங்கள் சமன்பாட்டில் 72 = 2 என்று வருகிறது. குறைவாக இருப்பதைத்தான் ஆறால் பெருக்க வேண்டும்: மீ = 6வ.

அக்கரைப்பற்று மாணவன்: பெருக்கிக் கழிக்கும் நீக்கல் முறையிலேயே விடை வருகிறது. தாயம் எதற்கு?

இரண்டு மாறிக்கு அவசியமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயிர்க் கணக்கைத் தாயமாக்கிப் பாருங்கள். முதல் நிரை 3, 2. இரண்டாம் நிரை 1, 4. முதல் நிரல் முழுக்கப் பெரிய சட்டி, இரண்டாம் நிரல் முழுக்கச் சிறிய சட்டி. எழுத்துகளை விட்டுவிட்டு இடத்தை வைத்தே பொருளை அறிகிறோம். அதனால் ஒரு சமன்பாட்டில் ஒரு மாறி இல்லாவிட்டால் அந்த இடத்தில் 0 போட்டே ஆகவேண்டும். துணிகோவை, அதாவது குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் வரும் எண், 3 × 4 − 2 × 1 = 10. இந்தத் தாயத்தின் வேலையைத் திருப்பிச் செய்யும் நேர்மாறு தாயத்தால் 2,050, 1,850 என்பவற்றைப் பெருக்கினால் அதே 450, 350 வரும்.

இதன் பழைய கதை நெல் விளையும் நம் ஊருக்குப் பொருத்தமானது. சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட "கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்" என்ற நூலின் எட்டாம் அத்தியாயம் ஒரு கதிர்க்கட்டுக் கணக்கோடு தொடங்குகிறது. முதல் தரம் 3 கட்டு, இரண்டாம் தரம் 2, மூன்றாம் தரம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. ஒரு கட்டில் எவ்வளவு? அவர்கள் எண்ணும் குச்சிகளைப் பலகையில் நிரல்களாக அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் கழித்து 9¼, 4¼, 2¾ என்று கண்டார்கள். இன்று ஜெர்மன் கணிதர் காவுஸின் பெயரால் வழங்கும் நீக்கல் முறையும் இதுவே. தாயத்துக்கு matrix என்ற பெயரை ஆங்கிலேயக் கணிதர் சில்வெஸ்டர் வைத்தது 1850 இல்தான். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

மட்டக்களப்பு நகர மாணவி: கல்முனை பஸ்ஸில் 2 முழு டிக்கெட்டும் 4 அரை டிக்கெட்டும் 600 ரூபாய், 3 முழுவும் 6 அரையும் 900 ரூபாய். துணிகோவை 0 வருகிறது.

வரத்தான் வேண்டும். இரண்டாவது தகவல் முதலாவதன் ஒன்றரை மடங்கு. புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை. பல விலைகள் இரண்டுக்கும் பொருந்தும். 900க்குப் பதில் 910 என்றிருந்தால் ஒரு விலையும் பொருந்தாது. ஆனால் "அரை" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? முழு டிக்கெட்டின் விலை மு, அரை டிக்கெட்டின் விலை அ என்றால், மு = 2அ என்ற சமன்பாடு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதை முதல் தகவலோடு சேர்த்தால் 8அ = 600; அரை 75, முழு 150.

மருதமுனை மாணவன்: தறிகளின் எண்ணிக்கை 4½ என்று வந்தது.

எண்ணிக்கை அரையில் வராது. துணியின் மீட்டர் என்றால் வரலாம். விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்காதீர்கள், வினாவின் வசனத்தில் போட்டுப் பாருங்கள். சமன்பாடே பிழையாக இருக்கலாம்.

கல்லடியிலிருந்து ஒரு தாய்: மகள் வினாவை வாசித்ததும் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் பெருக்கிவிடுகிறாள்.

அம்மா, எண்களை விரலால் மறைத்துக்கொண்டு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யார் வாங்கினார், என்ன வாங்கினார், எதைக் கேட்கிறார்கள்? அதைச் சொல்லும்வரை பென்சில் கைக்கு வரவேண்டாம். இந்த வாரம் ஒரு கணக்கும் தீர்க்க விடாதீர்கள். ஐந்து கணக்குகளுக்கு "இந்த எழுத்து இதைக் குறிக்கும், இந்த அலகில்" என்ற வசனங்களை மட்டும் எழுதட்டும். எழுதியதை அனுப்பிவையுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.