கையால் எழுத முடியாதவர்களுக்கு: கேள்வி பதில்

பலர் "எந்த ஆப் நல்லது?" என்றே கேட்டிருந்தீர்கள். ஆப்பை அப்புறம் பார்ப்போம். களைக்காமல், நினைத்தபடி அசைக்க முடிவது எது? விரலா, புருவமா, குரலா? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை வராது, பேச்சும் குழறுது. குரலில் தட்டச்சு செய்யலாமா?

வேண்டாம் தங்கச்சி. கூகுள் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் 2017இலிருந்து இருக்கிறது. ஆனால் குழறும் பேச்சைத் தப்பாகத்தான் எழுதும். அப்பாவுக்கு மனசு விட்டுப்போகும். அவர் முன்பு வாசிக்கத் தெரிந்தவர் என்றால், இப்போதும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்: "தண்ணி", "மருந்து", "போர்வை" என்று பெரிதாக எழுதி, நீங்கள் சொல்வதைக் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டினால் ஜிபோர்ட்டில் (போனுக்கான கூகுள் கீபோர்ட் ஆப்) தமிழ்க் கையெழுத்து முறையைப் போட்டுக் கொடுங்கள், இடது விரலால் எழுதட்டும். காட்ட முடியாவிட்டால் இப்போதைக்குக் கீபோர்ட் வேண்டாம். படம் ஒட்டிய அட்டையோடு தொடங்கி, பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை, ஓர் அம்மா: மகனுக்குப் பெருமூளை வாதம். ஒரு கீயைத் தொட்டால் நாலு எழுத்து விழுது.

அக்கா, விண்டோஸில் வலது ஷிப்டை 8 செக்கன் அமத்திப் பிடித்தால் 'பில்டர் கீஸ்' போடவா என்று கேட்கும். அதன் செட்டிங்கில், தவறிப் படும் தொடுகையையும் திரும்பத் திரும்ப விழும் எழுத்தையும் ஒதுக்கச் சொல்லலாம். கீகளுக்கு மேல் துளையிட்ட தட்டு ஒன்று பொருத்தினால், கையை அதில் ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் துளைக்குள் விடுவான். தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்ட் முறையைப் பழக்குங்கள். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என 4 தட்டு போதும். புள்ளியை அதுவே வைக்கும். நடுங்கும் கைக்கு ஒரு தட்டு குறைந்தாலும் பெரிய ஆறுதல்.

மஸ்கெலியா, ஒரு தம்பி: எனக்குப் பார்வை இல்லை. குரலில் எழுதினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்குது.

நியாயமான கவலை. உங்கள் கடிதம் லயம் முழுக்கக் கேட்க வேண்டியதில்லை. போனில் டோக்பேக் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி), காதில் இயர்போன், ஒரு புளூடூத் கீபோர்ட் போதும். கணினி என்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும்.

தலவாக்கலை, ஓர் அண்ணன்: தம்பி மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அவனால் எழுத முடியுமா?

முடியும் அண்ணே. அண்ட்ரொய்ட் போனைத் திரையில் தொடாமலே இயக்கும் வசதி 'சுவிட்ச் அக்சஸ்'. அது 2021இலிருந்து முன்கமராவில் முகத்தைப் பார்த்தே வேலை செய்கிறது. புருவம் தூக்குவது, வாய் திறப்பது, புன்னகை, இடம், வலம், மேலே பார்ப்பது என 6 அசைவு தெரியும். ஒன்றை 'அடுத்தது' என்றும் இன்னொன்றைத் 'தெரிவு' என்றும் வையுங்கள். முதலாவது திரையில் அடுத்த இடத்துக்கு நகர்த்தும், மற்றது அங்கே உள்ளதை அழுத்தும். புன்னகையை மட்டும் விட்டுவிடுங்கள். யாராவது சிரிக்க வைத்தால் எழுத்து விழும், அவன் சிரிப்பை அடக்க வேண்டிவரும். அது கூடாது.

போனைக் கட்டிலோடு ஸ்டாண்டில் இறுக்கி, சார்ஜரில் போட்டு வையுங்கள். பனி மூடிய காலையில் காம்பரா இருட்டாக இருக்கும், முகத்தில் படும்படி ஒரு பல்ப் வேண்டும். அடிக்கடி சொல்ல வேண்டியதை, "திருப்பிப் படுக்க வையுங்க" போன்றதை, கீபோர்ட்டின் சொந்த அகராதியில் ஓரிரு எழுத்துச் சுருக்கத்தோடு சேர்க்கலாம். எதைச் சேர்ப்பது என்று அவனிடமே கேளுங்கள்.