அந்த 30 காசு எங்கே இருந்தது?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் அம்மாவுடன் இருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்தேன். எனக்கு ஆட்டிசம் என்று சென்ற ஆண்டுதான் தெரிந்தது. இதுவரை இரண்டு அலுவலகம் பார்த்துவிட்டேன். முதலாவதில் 8 மாதம். இரண்டாவதில் சோதனைக் காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அங்கே யாருக்கும் சொந்த மேசை கிடையாது, தினமும் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். நாள் முழுக்கப் பாட்டு ஓடும். மதியத்துக்குள் தலை வெடித்துவிடும். ஒரு மாதக் கடைசியில், எல்லாரும் போன பிறகு, வங்கிக் கணக்கில் ஒத்துப்போகாமல் இடித்துக்கொண்டிருந்த 30 காசைக் கண்டுபிடித்தேன். அன்று மட்டும் சந்தோஷமாக இருந்தேன். சித்தி டியூஷன் எடு என்கிறார். அம்மாவோ ஆட்டிசம் என்று யாரிடமும் மூச்சு விடாதே, கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்கிறார். எனக்கு எந்த வேலை பொருந்தும்? நேர்முகத் தேர்வில் சொல்லலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கும் ஆட்டிசம் என்று 36 வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் 4 ஆண்டு இருந்தேன். இரண்டு தொலைபேசி, எதிரே வரிசை, பின்னால் மேலாளர். 'கொஞ்சம் சீக்கிரம்' என்பார். எதை முதலில் முடிக்க, எத்தனை மணிக்குள் என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக் கிடப்பேன்.

இன்று ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு தட்டில் எத்தனை கத்தரி, எத்தனை இடுக்கி என்று பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மூட்டில் கறை ஒட்டியிருக்கிறதா, முனை சேர்கிறதா என்று பார்த்து, எண்ணி அடுக்கி, 134 டிகிரி நீராவிக்கு அனுப்புவோம். வெளியே வரும்போது பொதியில் ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்திருக்கும். கழுவும் இயந்திரங்கள் நாள் முழுக்க இரைந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சீரான இரைச்சல். அது என்னை ஒன்றும் செய்வதில்லை. திடீரென்று அடிக்கும் தொலைபேசிதான் என்னை முறிக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு எந்தச் சத்தம் வலிக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ளவருக்கு இன்னின்ன வேலைதான் என்று பட்டியல் போட்டுத் தருபவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 30 காசை நினைத்துப் பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தது, அந்த நேரத்தில் அறை அமைதியாக இருந்தது, குறுக்கே யாரும் வரவில்லை. படித்த கணக்கியலைத் தூக்கிப்போடாதீர்கள். தப்பு அந்த அறையில் இருந்தது. வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, பில்களை ஒப்பிடுவது, தணிக்கைக்குத் தாள்களைத் தயார் செய்வது என்று அதே துறையில் தனியாகச் செய்யும் வேலைகள் உண்டு. டியூஷன் வேண்டாம் என்பேன். பிள்ளைகளோடு அவர்களின் பெற்றோரையும் சமாளிக்க வேண்டும், நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும்.

வேலைக்குப் போகும்முன் நீங்களும் அவர்களைக் கேளுங்கள்: எனக்கென்று ஒரு மேசை இருக்குமா? வேலையை யார் கொடுப்பார், வாயால் சொல்வாரா, எழுதித் தருவாரா? காதுக்கு ஹெட்ஃபோன் போடலாமா? காலை நெரிசலுக்கு முன்பே வந்து முன்பே கிளம்பலாமா? உட்காரப்போகும் இடத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் பேச்சு வராது என்றால், இரண்டு நாள் வேலை செய்து காட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். கேள்விகளுக்கு நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. ஒரு தட்டையும் பட்டியலையும் கையில் கொடுத்தார்கள், அதில் ஓர் இடுக்கி குறைவதை நான் சொன்னேன்.

தனியாக அலையவும் வேண்டாம். ரெட்ஹில் எம்ஆர்டி பக்கம், லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில், உடற்குறை உள்ளவர்களுக்கு வேலைக்குக் கைகொடுக்கும் எஸ்ஜி எனேபல் அமைப்பு இருக்கிறது. ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு வேலை தேடித் தருகிறது, வேலையில் சேர்ந்த பிறகு ஜாப் கோச் கூட வந்து பழக்கிவிடுவார். எஸ்ஜி எனேபலில் உங்கள் பெயர் பதிவாகியிருந்து, நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளாகவும் சம்பளம் 4,000 வெள்ளிக்குள்ளும் இருந்தால், அதில் 20 விழுக்காடு வரை, மாதம் அதிகபட்சம் 400 வெள்ளி, அரசாங்கம் முதலாளிக்கு ஈடுகட்டும். வேலையை உங்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் செலவில் 90 விழுக்காடு வரை மானியமும் உண்டு. சின்ன நிறுவனங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. நீங்களே எடுத்துச் சொல்லலாம், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

சொல்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்களாக விண்ணப்பிக்கும் இடத்தில் முதல் தாளிலேயே எழுத வேண்டாம். உங்களை எடுக்க அவர்கள் மனம் வைத்த பிறகு, கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டால் ஆளுக்கு ஒன்றைக் கற்பனை செய்வார்கள். 'எனக்கு நிலையான மேசை வேண்டும், வேலையை எழுதித் தந்தால் பிழை இல்லாமல் முடிப்பேன்' என்று கூடவே சொல்லுங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில், உடற்குறையை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற பகுதியில் ஆட்டிசமும் பெயரோடு இருக்கிறது. 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு.

அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். என் அம்மாவும் அப்படித்தான் அழுதார். ஆனால் மேலாளரிடம் சொல்வது தேக்கா சந்தையில் சொல்வது ஆகாது. இன்னாரிடம் மட்டும் இருக்கட்டும் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். எனேபலிங் வில்லேஜுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் வேலைக்குப் போய்வருவதை அங்கே உள்ளவர்கள் வாயால் கேட்டால், நாம் வீட்டில் பத்து முறை சொல்வதைவிட அவருக்கு நம்பிக்கை வரும்.

அந்த 30 காசு எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.