ரிசல்ட் சூப்பர், ஷேர் மட்டும் ஏன் சரியுது? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: அக்கா, ஏஐ சிப் கம்பெனி என்விடியா 2024 ஆகஸ்ட் ரிசல்ட்ல எதிர்பார்த்ததை எல்லாம் தாண்டிட்டாங்க, மறுநாளே 6 சதவீதத்துக்கு மேல இறங்கிருச்சு. இது என்ன நியாயம்?

பதில்: மார்க்கெட்ல போய் நியாயம் தேடுறீங்களே தம்பி. அந்த குவார்ட்டர் வருமானம் 3,004 கோடி டாலர், முந்தின வருஷத்தை விட 122 சதவீதம் ஜாஸ்தி. ஆனா ஜனவரியில இருந்தே ஷேர் ரெண்டு மடங்குக்கு மேல ஏறி நின்னுச்சு, அதாவது கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாரும் மொய் எழுதி முடிச்சிட்டாங்க, அன்னைக்கு புதுசா எழுத யார் இருக்கா?

கேள்வி: அப்போ இவ்வளவு வரும்னு அனலிஸ்ட்டுங்க முன்னாடியே கணிச்சு சொல்ற எஸ்டிமேட்டெல்லாம் சும்மாவா?

பதில்: சும்மா இல்ல, ஆனா பேப்பர்ல வர்ற நம்பர் வேற, பெரிய ஃபண்டுக்காரங்க மனசுல இருக்கிற நம்பர் வேற. அடுத்த குவார்ட்டருக்கு வருமானம் 3,250 கோடி டாலர்னு கைடன்ஸ் (கம்பெனியே சொல்ற முன்கணிப்பு) குடுத்தாங்க, சராசரி எஸ்டிமேட்டை விட அது கூடதான், இன்னும் பெருசா எதிர்பார்த்தவங்களுக்குப் பத்தல. கூடவே கிராஸ் மார்ஜின், அதாவது வருமானத்துல தயாரிப்புச் செலவு போக மிஞ்சுற பங்கு, முந்தின குவார்ட்டர் 78.4ல இருந்து 75.1 சதவீதத்துக்கு வந்திருச்சு. 5,000 கோடி டாலருக்கு பைபேக் (கம்பெனியே தன் ஷேரை திருப்பி வாங்குறது) அறிவிச்சும் தாங்கல. நான் ரிசல்ட்டை திறந்ததும் பாக்குறது கைடன்ஸ், மார்ஜின் இந்த ரெண்டு வரிதான், லாபமெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஃபேஸ்புக் கம்பெனி மெட்டாவும் அதே மாதிரியா மேடம்? 2024 ஏப்ரல்ல நான் மாட்டிக்கிட்டேன்.

பதில்: அது செலவு கதைங்க. ஷேருக்கு லாபம் 4.71 டாலர், எதிர்பார்த்தது 4.32. ஆனா அந்த வருஷ கேபெக்ஸ் (டேட்டா சென்டர் மாதிரி நீண்ட கால சொத்துக்குப் போடுற செலவு) 3,000ல இருந்து 3,700 கோடி டாலர்னு சொல்லிட்டு இருந்தவங்க அதை 3,500ல இருந்து 4,000ன்னு ஏத்திட்டாங்க, ஏஐல போடுற காசு திரும்பி வர நாளாகும்னு மெட்டா தலைவர் ஜுக்கர்பெர்க்கே வாயால சொன்னாரு, மறுநாள் 10 சதவீதத்துக்கு மேல அடி.

கேள்வி: ரிசல்ட்டுக்கு முந்தின நாள் கால் ஆப்ஷன் (குறிச்ச விலைக்கு ஷேரை வாங்கிக்கிற உரிமை) வாங்கினேன். ஷேர் 2% ஏறியும் நஷ்டம்! எப்படிக்கா?

பதில்: ஐவி கண்ணு, ஐவி, அதாவது ஷேர் எவ்வளவு ஆடும்னு ஆப்ஷன் மார்க்கெட் எதிர்பார்க்குற அளவு. என்ன வருமோங்கிற பதட்டத்துக்கும் சேத்துதான் பிரீமியம், அதான் ஆப்ஷனுக்கு நீங்க குடுக்குற விலை, ஊதியிருக்கும், நம்பர் வெளிய வந்ததும் அந்தக் காத்து புஸ்ஸுன்னு போயிரும், 2 சதவீத ஏத்தம் அதை ஈடு கட்டாது. நானும் ஒரு காலத்துல இதுக்கு நல்லா ஃபீஸ் கட்டியிருக்கேன்.

கேள்வி: அப்படி விழுந்தா வாங்கிப் போடலாமா?

பதில்: மெட்டா சில மாசத்துலயே பழைய விலையை தாண்டிருச்சு, அதை வச்சு எல்லாம் திரும்பும்னு நான் கையெழுத்து போட மாட்டேன். சும்மா லாபம் எடுத்து வித்தாங்களா, இல்ல மார்ஜின் நிஜமாவே கரையுதான்னு முதல்ல பாருங்க. ரெண்டாவதா இருந்தா நான் அடுத்த குவார்ட்டர் வரைக்கும் கிட்டயே போக மாட்டேன்.